ஆற்று மணலுக்கு 'பீச் மோடு' வேண்டாம்

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் என் போன் ஓயாது. பவானி கூடுதுறை, கொடுமுடி என்று காவிரிக்கரை நெடுக தாலிக்கயிறு மாற்றுகிற கூட்டத்தில், புதுக்கயிற்றில் கோர்ப்பதற்குள் குண்டோ காசோ விரலிடுக்கில் நழுவிவிடும். தொலைந்த நகையை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிக்கொடுப்பதுதான் ஈரோட்டில் என் தொழில். பன்னிரண்டு வருடத்தில் நான் அதிகம் பார்த்தது ஒரே தவறு: நகை அங்கேயே கிடக்கும், கருவியைத் தப்பாக வைத்துத் தேடிவிட்டு "இல்லை" என்று கைவிரித்திருப்பார்கள்.

போன வருடம் கோபிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு அரைப்பவுன் தாலிக்காசு விழுந்துவிட்டது. எனக்கு முன்பே ஒருவர் இரண்டு மணி நேரம் தேடிவிட்டுப் போயிருந்தார். "ஏனுங்க தம்பி, மிசினு இல்லைன்னா இல்லைதானுங்களா?" என்று அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மகன் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தேன். திரையில் பீச் மோடு.

கரை என்றால் பீச் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மோடு கடலுக்கானது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஈர மணலே ஒரு உலோகம் போலக் கருவிக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை அடக்க, பல கருவிகளில் பீச் மோடு, உலோகத்துக்கு உலோகம் எண் காட்டும் அளவுகோலின் கீழ்ப்பகுதியை மழுங்கடித்துவிடுகிறது. மெல்லிய சங்கிலி, சின்னக் காசு, குண்டு எல்லாம் ஒலிப்பது அதே கீழ்ப்பகுதியில்தான். காவிரித் தண்ணீரில் அடக்குவதற்கு உப்பே கிடையாது. தேடிப்போன தங்கத்தைத்தான் அடக்குகிறோம்.

நம் ஆறுகளில் தொந்தரவு தருவது தண்ணீர் அல்ல, கருமணல். தண்ணீர் வடிந்த ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக வரி விழுந்திருக்கும் பாருங்கள், ஒரு காந்தத்தை அதில் வைத்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் என்கிற இரும்புத்தாது அது. சேலத்துக் கஞ்சமலையில் பாறையாகவே இருக்கிறது. இந்த மணல்மேல் கிரவுண்டு பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது) செய்யாமல் கருவியை ஆட்டினால் ஓயாமல் கத்தும், இல்லை ஊமையாகிவிடும். உலோகம் இல்லாத ஒரு இடமாகப் பார்த்துக் காயிலை, அதாவது கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் மாறாமல் நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும். உலர்ந்த மணலில் செய்தது முழங்கால் தண்ணீருக்குள் போனால் செல்லாது. அங்கே இன்னொரு தரம் செய்யுங்கள்.

நொய்யல் மட்டும் வேறு. திருப்பூர்ச் சாயக்கழிவு பல வருடம் ஓடிய ஆறு அது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அந்தக் கரையில் ஈரமண்மேல் கருவி கத்தினால் உப்பையும் சந்தேகப்படலாம்.

அப்புறம் சென்சிடிவிட்டி, அதாவது கருவியின் உணர்திறன். முழுதாக ஏற்றி வைத்தால் ஆழமாகப் பார்க்கும் என்று நினைப்பு. கருமணலில் அது இரைச்சலைத்தான் கூட்டும். கருவி அமைதியாகும்வரை குறையுங்கள். பையில் இருக்கும் செல்போனையும் கை மோதிரத்தையும் கரையிலேயே வைத்துவிடுங்கள்.

குப்பையை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் விஷயத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டைத் தகடும் குளிர்பான டின்னின் மூடி வளையமும் எந்த எண்ணில் ஒலிக்குமோ, அதே எண்ணில்தான் தங்கமும் ஒலிக்கும். அலுமினியத்தை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து போய்விடும். இரும்பை மட்டும் ஒதுக்குங்கள். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசு காந்தத்தில் ஒட்டும் எஃகு; படித்துறையில் வேண்டிப் போட்ட காசில் சிலவாவது அதோடு போய்விடலாம். மற்ற சத்தம் எல்லாவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவி என்றால் சின்னத் தங்கத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நல்லது. ஆறு அங்குலக் காயில் போதும்.

இன்னொன்று, தொலைந்த நகை வேறு, புதையல் வேறு. கரூரில் அமராவதி மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையிலேயே கொடுமணல் என்கிற பழங்கால அகழாய்வு ஊர் இருக்கிறது. பழைய பொருள் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் வருடப் புதையல் சட்டம். அகழாய்வு இடங்களுக்குக் கருவியோடு போகவே கூடாது.

கோபி அம்மாவின் காசு நாற்பது நிமிடத்தில் கிடைத்தது. தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனம். கலங்கிய மணலில் இறங்கிச் சரளைக்கல்மேல் போய் உட்காரும். நான்கு விரல் ஆழத்தில், கடைசிப் படியை ஒட்டிய சரளையில் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் கிடைத்ததற்கு என் கருவியைவிட அந்த அம்மாதான் காரணம். காசு விழுந்த நொடியே, அவிழ்த்த பழைய மஞ்சள் கயிற்றை அந்தப் படிக்கு நேரே கைப்பிடிக் கம்பியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.