இ.சி.எச்.எஸ்.: பாலிகிளினிக் டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம்?

வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர் என்று பெயர். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு, ஆற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் ஓய்வுபெற்ற ஹவில்தாரோ சுபேதாரோ கண்ணில் படுவார். பென்ஷன் வாங்குகிறவர்களில் பலரிடம், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கிறது. அது எதற்கு என்று கேட்டால், "பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் வாங்க" என்பார்கள். தப்பில்லை. ஆனால் வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பும் அந்த ரெஃபரல் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே இந்தத் திட்டத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு. அதெல்லாம் திட்டத்தின் சொந்த கிளினிக்கான பாலிகிளினிக்கில் உள்ள டாக்டர் வழியாகத்தான் கிடைக்கும்.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்பது இதன் தமிழ்ப் பெயர். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் பென்ஷன்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அல்லது மாதாமாதம் சின்னதாக ஒரு மருத்துவப்படி வாங்கிக்கொள்ளலாம். ராணுவ முகாம் இல்லாத வேலூர் போன்ற ஊரில் இருப்பவருக்கு முதல் வழியால் என்ன பயன்? சென்னைக்கு ரயில் ஏறிப் போய் வரிசையில் நிற்பதற்குள் காய்ச்சலே தணிந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகளைத் திறந்தார்கள். வேலூர் பாலிகிளினிக்கும் அப்படி வந்ததுதான். மேலே சென்னை மண்டல மையம், அதற்கும் மேலே டெல்லி தலைமையகம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் குழப்பமே வேண்டாம்: பென்ஷன்தான் அளவுகோல். சர்வீஸ் பென்ஷன், ஊன ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வாங்குகிறவராக இருக்க வேண்டும். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களையும், குறுகிய காலப் பணி அதிகாரிகள் போன்ற சில பிரிவினரையும் 2019-ல் சேர்த்தார்கள். அட்டைதாரரின் மனைவி அல்லது கணவர், வேலையில்லாத திருமணமாகாத மகன் 25 வயது வரை, வேலையில்லாத திருமணமாகாத மகள், வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாத பெற்றோர் ஆகியோரும் வருவார்கள். பிள்ளைக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால் 25 வயது என்ற வரம்பு கிடையாது.

சந்தா ஒரே ஒரு முறைதான். 2017 டிசம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி ஹவில்தார் வரை 30,000, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ள ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 2003 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஓய்வுப் பணத்திலேயே பிடித்துவிடுவார்கள். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் கட்ட வேண்டியதில்லை. ஹவில்தார் வரை பொது வார்டு, ஜே.சி.ஓ.வுக்கு இருவர் தங்கும் அறை, அதிகாரிக்குத் தனி அறை. உடம்புக்கு வரும் நோய் ரேங்க் பார்த்து வருவதில்லை, அறை மட்டும் பார்க்கிறது. அது படையின் பழக்கம், விடுங்கள். அறையில்தான் வித்தியாசம், மருந்தும் அறுவை சிகிச்சையும் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்னொன்று: இ.சி.எச்.எஸ்.-ல் சேர்ந்தால் அந்த மாத மருத்துவப்படி கிடையாது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

சரி, பாலிகிளினிக்குக்குள் போவோம். அங்கே தலைமை யார் என்பதில் பலருக்கும் சந்தேகம். பொறுப்பு அதிகாரி, ஓ.ஐ.சி. என்பார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. ஆள், கணக்கு, கட்டடம், கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் கையில். மருத்துவ முடிவு அவருடையது இல்லை. உங்களுக்கு என்ன நோய், எந்த மருந்து, வெளியே அனுப்ப வேண்டுமா என்பதை முடிவு செய்கிறவர் மெடிக்கல் ஆபீசர். இவர்கள் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர்கள். கிளினிக்கின் அளவைப் பொறுத்து பொது மருத்துவ நிபுணர், மகப்பேறு மருத்துவர், பல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட் இருப்பார்கள். மருந்துக் கொள்முதலைப் பார்ப்பவர் ராணுவ மருத்துவமனையில் இருக்கும் மூத்த மருத்துவ அதிகாரி. அதனால் மருந்து ஸ்டாக் இல்லை என்று கவுண்டரில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கவுண்டரில் நிற்பவர் வாங்கும் இடத்தில் இல்லை.

ஒப்பந்த டாக்டர் என்பதால் ஒரு சங்கடம் உண்டு. இந்த வருடம் உங்கள் சர்க்கரையை, முட்டியை, தூக்கத்தை எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர் அடுத்த வருடம் இருப்பார் என்ற உறுதி இல்லை. புது டாக்டர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே உங்கள் உடம்பின் கதையை நீங்களே ஒரு ஃபைலில் வைத்திருப்பது நல்லது: பழைய லேப் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், அப்புறம் முக்கியமாக, படையிலிருந்து வெளியே வரும்போது நடந்த மருத்துவ போர்டின் காகிதம். அந்தக் கடைசிக் காகிதத்தைப் பலர் பென்ஷன் சமாசாரம் என்று பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தம், பனிமலையில் இருந்தவருக்கு மூச்சு, காலாட்படையில் சுமை தூக்கி நடந்தவருக்கு முதுகும் முட்டியும் என்று சர்வீஸ் கொடுத்த நோய்கள் அதில்தான் எழுதியிருக்கும். டாக்டர் அதைப் பார்த்தால் பாதி விசாரணை மிச்சம்.

ஆளின் முழுக் கதையையும் தெரிந்துகொண்டு வைத்தியம் பார்ப்பதை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை வேறு கோணத்தில் செய்கிறது. 2011-ல் அதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்து, அதன் முதல் இயக்குநராக ஒரு பெண் மருத்துவரை வைத்தார்கள். அந்த வேலைதான் வளர்ந்து 'முழு உடல்நலம்' என்ற பெயரில் 2018-ல் 18 மையங்களில் முன்னோடியாக நடந்தது. டாக்டர் முதலில் "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்பதில்லை, "உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்பார். பேரனைத் தூக்க வேண்டும் என்று பதில் வந்தால், முட்டி வைத்தியம், எடை, உடற்பயிற்சி, யோகா, அக்குபஞ்சர், தூக்கம் எல்லாம் அந்த ஒரு நோக்கத்தைச் சுற்றி அமையும். நம் பாலிகிளினிக்கில் இப்படி ஒரு திட்டம் எழுத்தில் இல்லை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது டாக்டருக்கு அதற்கு நேரமும் இல்லை. ஆனால் அதில் பாதியை நீங்களே கேட்டு வாங்கலாம். அதற்கான ஆட்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

முட்டிவலிக்கு மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், பிசியோதெரபி எழுதித் தரச் சொல்லுங்கள். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகப் பரிசோதனை, கண்ணில் விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை இவற்றைக் கேளுங்கள். கிளினிக் லேபில் முடியாததை வெளியே எழுதித் தர விதியில் இடம் உண்டு. காது கேட்கும் கருவி, பல்செட், செயற்கைக் கால் ஆகியவற்றுக்கும் நிபுணர் பரிந்துரையின் பேரில், குறிப்பிட்ட உச்சவரம்புக்குள் திட்டத்தில் பணம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப்போங்கள். அட்டை அவர்களுக்கும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு, மார்பகப் பரிசோதனை எல்லாம் அவர்களாக வந்து கேட்பது அபூர்வம்.

மனசு விஷயம் இன்னும் கடினம். தூக்கமின்மை, பழைய சம்பவங்கள் கண்முன் வருவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கேன்டீன் பாட்டில் தினசரி ஆவது... இவற்றை டாக்டரிடம் சொல்ல மிலிட்டரிக்காரருக்கு வாய் வராது. "பைத்தியமா எனக்கு?" என்று ஒரு கேள்வி வேறு. மனநல மருத்துவரிடம் ரெஃபரல் என்பது இதய நிபுணரிடம் ரெஃபரல் மாதிரிதான்; திட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. பாலிகிளினிக்கில் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் மனநல ஆலோசனை எண்ணை (டெலிமானஸ்) கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வீட்டிலிருந்தபடியே வீடியோவில் ராணுவ மருத்துவரைப் பார்க்க 'சேஹத்' என்ற இணைய ஓ.பி.யும் 2021 மே மாதம் தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தாரும் அதைப் பயன்படுத்தலாம்.

இப்போது ரெஃபரல். டாக்டர் எழுதித் தருவது எந்தத் துறை, எந்தச் சிகிச்சை என்பதை. எந்த ஆஸ்பத்திரி என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்தத் துறைக்கு இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள எதையும் சொல்லலாம். பட்டியல் அடிக்கடி மாறும். பில் பாக்கி நிலுவையில் நிற்பதால் சில ஆஸ்பத்திரிகள் விலகுவதும், சில துறைகளுக்கு மட்டும் ஒப்பந்தம் வைத்துக்கொள்வதும் நாடு முழுக்க நடக்கிற கதை. எனவே போன வருடம் போன இடம்தானே என்று நேரே கிளம்பாமல், பாலிகிளினிக் பலகையில் பார்த்துவிட்டுப் போங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி உங்கள் வார்டு தகுதிக்கு உட்பட்ட சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. அங்கே ஓ.பி.யில் எழுதிக்கொடுக்கும் மருந்தைப் பாலிகிளினிக்கில்தான் வாங்க வேண்டும்; அங்கே இல்லையென்றால் அவர்கள் வழி காட்டும் முறையில் வாங்கினால்தான் பணம் திரும்பும். தானாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் வேலைக்கு ஆகாது. வயது மிக முதிர்ந்தவர்களுக்கு ரெஃபரல் இல்லாமல் நேரே நிபுணரைப் பார்க்கும் சலுகையும் இருக்கிறது. வீட்டில் அப்படிப் பெரியவர் இருந்தால் இப்போதைய வயது வரம்பைக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

அவசரம் என்றால் ரெஃபரலுக்கு அலைய வேண்டாம். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அட்டையைக் காட்டுங்கள். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தருவது அவர்கள் வேலை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் அந்த 48 மணி நேரம் உங்கள் தலையில்: வீட்டில் யாராவது அருகில் உள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லி, சொன்னதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தை முதலில் நீங்கள் கட்டி, அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரம் என்று ஆஸ்பத்திரி தரும் சான்று ஆகியவற்றோடு உங்கள் பாலிகிளினிக் வழியாகக் கேட்க வேண்டும். திரும்ப வருவது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விகிதப்படிதான், தனியார் போட்ட முழு பில்லும் வராது. வாலாஜா டோல்கேட் பக்கம் விபத்து நடந்தால் இந்த விதியெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் பாலிகிளினிக் எண்ணை மகன், மகள், மருமகள் எல்லோர் போனிலும் இப்போதே போட்டு வையுங்கள். மகன் பெங்களூரில் இருந்து நீங்கள் அங்கே போய்த் தங்கினாலும் கவலையில்லை. நாட்டில் எந்தப் பாலிகிளினிக்கிலும் அட்டை செல்லும்.

அட்டை வாங்குவதில் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். படை ஆவணத்தில் 'சரோஜா', ஆதாரில் 'சரோஜம்மாள்' என்றால் கணினி ஒத்துக்கொள்ளாது. மனைவி பெயரே பதிவாகாமல் விட்டுப்போன குடும்பங்களும் உண்டு. கணவர் இறந்த பிறகுதான் அது தெரியவரும், அப்போது குடும்ப ஓய்வூதியமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். திருத்தம் செய்வது உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மனு எழுத வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.

மேலே சொன்ன சில பிரிவினர் தவிர, பென்ஷன் தகுதி வருவதற்கு முன்பே வெளியே வந்தவர்களுக்கு இ.சி.எச்.எஸ். கிடையாது. அவர்களில் ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் போர்டின் மருத்துவ நிதியுதவி இருக்கிறது; 2023-ல் அதன் உச்சவரம்பை 30,000-லிருந்து 50,000 ரூபாயாக உயர்த்தினார்கள். விண்ணப்பம் இணையத்தில், பரிந்துரை மாவட்ட நல அலுவலகம் வழியாக. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் பார்க்க மறுக்கிறார், ரெஃபரல் இழுத்தடிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள் என்றால் முதலில் ஓ.ஐ.சி.யிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நடக்கவில்லையா, அந்த நகலோடு சென்னை மண்டல மைய இயக்குநருக்கு. அதற்கும் மேலே மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளம் இருக்கிறது. அங்கே பதியும்போது பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் மனு சரியான மேசைக்குப் போகும்.