இண்டோர் ஃபுட்பால்: 'உட்புறக் கால்பந்து' அல்ல

கூரைக்குக் கீழே அமெரிக்க ஃபுட்பால் ஆடும் அமெரிக்காவின் இண்டோர் ஃபுட்பால் லீக் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் 'உட்புறக் கால்பந்துப் பருவம்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூன்று சொல், மூன்றும் தப்பு.

ஃபுட்பால் ஆங்கிலத்தில் பழைய சொல். 1424இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறது. அதன் கிளைகள்தான் சாக்கர், ரக்பி, அமெரிக்க ஃபுட்பால். இதில் கடைசியில் முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள், உதைப்பது கொஞ்சம்தான். வெறும் 'கால்பந்து' என்றால் நமக்கு மெஸ்ஸிதான் நினைவுக்கு வருவார். இலங்கை வழக்கில் 'உதைபந்தாட்டம்' என்று போட்டால் இன்னும் மோசம். எனவே 'அமெரிக்க' என்ற அடைமொழியைக் கழற்றவே கூடாது.

அடுத்தது 'உட்புறம்'. பெட்டிக்கு உட்புறம் உண்டு, சட்டைக்கு உண்டு. ஆட்டத்துக்கு ஏது? கூரைக்குக் கீழே ஆடுவதற்கு 'உள்ளரங்கம்', 'உள்விளையாட்டரங்கம்' என்று நல்ல சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்தின் பெயரைப் படித்தவர் எவரும் உட்புறத்தைத் தேடிப் போக மாட்டார்.

இவற்றைவிட என்னைப் படுத்துவது, 'அரீனா ஃபுட்பால்' என்ற இன்னொரு உள்ளரங்க ஆட்டத்துக்குப் போடும் 'அரங்கக் கால்பந்து'. கேட்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'அரீனா' லத்தீனில் மணல். நம் 'அரங்கம்' ஆற்றிடைத் திட்டையையும் குறிக்கும், திருவரங்கம் அப்படி வந்ததுதான். உடனே இரண்டும் ஒரே வேர் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. அது போகட்டும். சிக்கல் வேறு: அரீனா ஃபுட்பால், இண்டோர் ஃபுட்பால் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள்.

அரீனா ஃபுட்பால் ஜிம் ஃபாஸ்டர் என்பவர் உருவாக்கியது. 1987இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. ஆடுகளம் 50 கெஜ நீளம், 85 அடி அகலம், இரு முனைகளிலும் எட்டெட்டு கெஜம் கூடுதல். மொத்த நீளம் 198 அடி. ஐஸ் ஹாக்கித் தளம் 200 அடிக்கு 85 அடி என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று புரியும். அணிக்கு 11 பேர் அல்ல, எட்டுப் பேர். எல்லைக்கோட்டின் இடத்தில் மெத்தை வைத்த சுவர். கோல் கம்பங்களின் இருபுறமும் பெரிய வலை. உதைத்த பந்து அதில் பட்டுத் திரும்பி வந்தால் ஆட்டம் தொடரும்.

அந்த வலை ஆட்டத்துக்கு 1990இல் காப்புரிமை கிடைத்தது. அது நடப்பில் இருந்தவரை மற்ற லீக்குகளால் வலையைக் கட்ட முடியவில்லை. அவை வலை இல்லாமல் ஆடி, தங்களை 'இண்டோர்' என்று அழைத்துக்கொண்டன. 2008இல் இரண்டு சிறு லீக்குகள் சேர்ந்து பிறந்த இண்டோர் ஃபுட்பால் லீக்கும் அந்த வழியில் வந்ததுதான். ஆக, இது வக்கீல்கள் போட்ட எல்லை. அதை ஒரே தமிழ்ச் சொல்லால் அழிக்க மொழிபெயர்ப்பாளருக்கு யார் உரிமை கொடுத்தது? அரீனா ஃபுட்பாலைப் பெயராகவே விடலாம். இண்டோருக்கு 'உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து'. நீளம்தான், ஆனால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

'பருவம்' மழைக்கும் வயதுக்கும் உரியது. '2009 பருவத்தில் பில்லிங்ஸ் அவுட்லாஸ் அணி வென்றது' என்றால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது. குற்றாலத்துக்கும் மாம்பழத்துக்கும் மார்கழிக் கச்சேரிக்கும் நாம் சொல்வது சீசன். அதையே எழுதலாம், தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'ஆட்டத்தொடர்' என்று எழுதுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

அப்புறம் இந்த மாதிரி லீக்குகளுக்குச் சொல்லும் 'மைனர் லீக்'. இதைச் 'சிறார் லீக்' ஆக்கியதையும் படித்திருக்கிறேன். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் இது. மைனர் என்றால் இங்கே இரண்டாம் நிலை, பெரிய லீக்குக்குக் கீழே உள்ளது என்றுதான் பொருள். 2011 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு முறை பட்டம் வென்ற சியூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியில் சுவரில் மோதி விழுந்தவர்கள் எல்லாம் மீசை முளைத்த ஆட்கள், சம்பளத்துக்கு ஆடியவர்கள்.