துப்பாக்கி ரவை நிரப்பும் மேசையில் படியும் ஈயத்தூள்

காரணம் பிடிபடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச்சோகை. இவை மூன்றும் சேர்ந்து ஒருவர் வந்தால், அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதோடு நான் விடுவதில்லை. ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார் என்றும் கேட்பேன். கனடாவில் இருந்து விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்திருந்த ஒருவரிடம் கேட்டபோது, "துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்குப் போவேன் டொக்டர், ரவைகளை வீட்டிலேயே நிரப்புவேன்" என்றார். அதுவரை அவர் அமிலச்சுரப்புக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது.

சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோதில் புதிதாக வெடிமருந்தும் தலையும் வைத்துத் திரும்பவும் ரவையாக்கும் வேலை இது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. நீண்ட தூரத்தில் சுடுபவர்களுக்கு ஒரு ரவைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. அதனால் வெடிமருந்தை மிக நுணுக்கமாக நிறுப்பார்கள், நீளத்தை அளப்பார்கள். பனிக்காலம் முழுக்க நிலவறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் செய்து அடுக்குவார்கள். இவ்வளவு நிதானமானவர்களுக்குத்தான் தூசு கண்ணில் படுவதில்லை.

"ஈயத்தை நான் தொடுவதே இல்லையே, ரவையின் தலைக்குச் செம்பு உறை இருக்கிறதே" என்று அவரும் சொன்னார். ஈயம் வருவது பெரும்பாலும் வேறு வழியால். வெடிக்கத் தூண்டும் பிரைமர்கள் பலவற்றில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அதன் கரி பித்தளைக் கோதின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பழைய கோதுகளை அரைத்த சோளத்தக்கையோடு இயந்திரத்தில் போட்டுக் குலுக்கி மினுக்கும்போது, அந்தக் கரி முழுவதும் தூளாகிறது. பிறகு சல்லடையில் சலிக்கும்போது கிளம்பும் தூசுதான் மோசம். அது மூச்சோடு போகும், தேத்தண்ணிக் கோப்பையில் விழும், உடுப்பில் ஏறி மாடிக்குப் போகும். ஒரு பெட்டி ரவைக்கு இது சிறு அளவு. மாதக்கணக்கில் செய்தால் சேர்ந்துகொண்டே போகும்.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் ரவை செய்வது குற்றம், ஆகவே இது நமக்கு ஏன் என்று நினைக்கலாம். ஆனால் அதே ஈயம் கொழும்பு வீடுகளுக்குள் வேறு வேடத்தில் இருக்கிறது. வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் முகத்துவாரத்துப் பக்கம் உண்டு. பழைய பற்றரிகளை உடைத்து, சமையல் செய்யும் முற்றத்திலேயே உருக்குபவர்களும் உண்டு. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடுவதால் சாதாரண அடுப்பே போதும். மேலே மிதக்கும் கசடை வழித்துக் கொட்டும் இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். எனக்குப் பெரும் பயம் அதுதான்.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களை விடக் குழந்தைகளின் உடல் பல மடங்கு உறிஞ்சும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதல். இரத்தத்தில் இருந்து ஈயம் சில வாரங்களில் குறையும், ஆனால் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பில் இருந்து கரைந்து சிசுவுக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது.

சரி, என்ன செய்யலாம்? உருக்கும் வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம். வெளிநாட்டில் ரவை நிரப்பும் உறவினர் இருந்தால், கோதுகளை உலர்வாகக் குலுக்காமல் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அந்தக் கழுவுநீரும் தோட்டத்துக்குப் போகக்கூடாது. மேசையைத் துடைக்க ஈரத்துணிதான், விளக்குமாறு கூடாது. சாதாரண வக்யூம் கிளீனர் நுண்தூசைத் திரும்பக் காற்றிலேயே விடும். அந்த அறையில் சாப்பாடும் சிகரெட்டும் வேண்டாம். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "உடலில் இருந்து ஈயத்தை இழுத்தெடுக்கும்" மருந்துகளை இணையத்தில் வாங்கி விழுங்காதீர்கள். ஈயம் வரும் வழியை அடைக்காமல் அவற்றை எடுத்தால் நிலைமை மோசமாகவும் கூடும். வழமையான இரத்தப் பரிசோதனையில் ஈயம் பார்க்கப்படுவதில்லை, மருத்துவரிடம் நீங்களே கேட்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் கூடியிருந்தால், மற்ற எல்லோருக்கும், முதலில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.