கோழி எருவில் ஈரம் சேரவிடாதீர்கள்

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து ஈத் தொல்லை என்று அழைப்பு வந்தால், கால்நடை மருத்துவராகிய நான் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கூண்டுகளுக்கு அடியில் குனிந்து எருவைத்தான் பார்ப்பேன். காய்ந்த எரு கூண்டு வரிசையின் கீழே கூம்பு கூம்பாக எழும்பி நிற்கும். கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் ஒன்று ஒழுகினாலும் அதன் கீழுள்ள கூம்பு சரிந்து சேறாகிவிடும். அதைக் குச்சியால் கிளறினால் அரிசிமணிகளைப் போலப் புழுக்கள் நெளியும்.

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடுகிறது, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் இது நாள்தோறும் 5 டன். வெயில் காலத்தில் ஈயின் முட்டை 7 முதல் 10 நாட்களில் முழு ஈயாகிவிடுவதால், ஒழுகும் நிப்பிளை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஒரு தலைமுறை ஈயை வளர்த்துவிடுவதற்குச் சமம். ஈர எருவிலிருந்து கிளம்பும் அமோனியா கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்குகிறது.

சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு பண்ணையில், ஈக்கு அஞ்சி எருவைத் தரை தெரிய வழித்து அள்ளியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் ஈ முன்னிலும் பெருகியது. பழைய எருவில்தான் ஈயின் முட்டையையும் புழுவையும் தின்னும் வண்டுகளும் சிற்றுண்ணிகளும் வாழ்கின்றன. ஆகவே ஈரமானதை உடனே அகற்றிவிட்டு, காய்ந்த எருவில் அரையடி அளவு அடியில் விட்டுவையுங்கள் என்றே நான் சொல்லி வருகிறேன்.

அள்ளிய எருவைத் தென்னைநார்க் கழிவுடன் கலந்து, உள்ளே சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும்படி மக்கவைத்தால் நாற்றம் அடங்கும், நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். பச்சையாக வயலில் போட்டால் பயிரின் வேர் கருகும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, லோடு லோடாக இறக்கி வயலோரத்தில் மூடாமல் விடப்படும் எருதான். ஐப்பசி மழையில் அது கரைந்து, அதிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு நிறமோ சுவையோ இல்லை. தாண்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். பால்மாவு கரைக்கும் தாய் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.