பழைய ஞானஸ்நான அங்கியை ப்ளீச்சில் போடாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பாணியில் வெள்ளை நூலால் பூவேலை செய்த மஸ்லின் (மெல்லிய பருத்தி) அங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று சனிக்கிழமை ராத்திரி ப்ளீச் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார்கள். பூக்களுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி ஊசியால் பின்னியிருந்த லேஸ், அலசும்போதே கையோடு வந்துவிட்டது. இப்போது என்னிடம் கொண்டுவந்து, "ஒட்டிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

எதை ஒட்டுவது? 1814-இல் ஏர் நகரத்து திருமதி ஜேமிசன் ஒரு பிரெஞ்சுக் குழந்தை அங்கியை இரவல் வாங்கி, அதன் தையலைப் படித்து ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை இது. மார்பில் முனை கீழே பார்க்கும் முக்கோணம், இடுப்பிலிருந்து விளிம்புவரை விரியும் இன்னொரு முக்கோணம், மொத்தம் ஒரு மீட்டர் நீளம். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து குறைந்தது, சுவிஸ் இயந்திரத் தையலும் போட்டிக்கு வந்தது. தொழில் படுத்துவிட்டது. இன்று அந்த லேஸைப் போடத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

(நீளமான வெள்ளை அங்கியெல்லாம் ஞானஸ்நான அங்கி இல்லை. அக்காலக் கைக்குழந்தைகள் தினமுமே நீள அங்கிதான் போட்டார்கள். விற்கிறவர்களுக்கு இது தெரியும், சொல்ல மாட்டார்கள்.)

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: பழுப்பு என்றால் அழுக்கு என்று அர்த்தமில்லை. பருத்திக்கும் பட்டுக்கும் வயதானால் வரும் நிறம் அது. ப்ளீச் அந்த நிறத்தோடு இழையின் வலுவையும் சேர்த்தே எடுத்துவிடும். பட்டாக இருந்தால் கரைத்தே விடும். 1841-இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்காக லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த பட்டிலும் இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர் லேஸிலும் தைத்த அரச குடும்பத்து ஞானஸ்நான அங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 வரை 62 குழந்தைகள் அணிந்தார்கள். அப்புறம் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு அதே மாதிரி புதிதாக ஒன்று தைத்தார்கள், 2008-இல் முதல் குழந்தை அதை அணிந்தது. பழைய அங்கியின் நிறம் வரவேண்டும் என்று புதுத் துணியைத் தேநீரில் முக்கினார்கள்! அரண்மனையே டீத்தூள் செலவழித்து வரவழைத்த நிறத்தை நீங்கள் ப்ளீச் வாங்கி அழிக்கிறீர்கள்.

பட்டு அங்கியை வீட்டில் நனைக்கவே வேண்டாம். இழை இற்றுப்போகாத பருத்தி என்றால் வலைத்துணியில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரில், காரமில்லாத சோப்புக் கரைசலில் ஊறவையுங்கள். தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள். படுக்கவைத்தே காயவிடுங்கள். கஞ்சி போட்டு எடுத்துவைத்தால் பூச்சிக்கு விருந்து. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஹேங்கரும் வேண்டாம். அமிலமில்லாத மெல்லிய தாளை மடிப்புகளுக்குள் வைத்துப் பெட்டியில் வையுங்கள். ஊக்கு குத்தியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், துருக்கறை போகாது.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அந்தக் காலத்தில் பிறந்த சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் முடிந்துவிடும். உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம். கை நுழையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அக்குளில் கிழிந்த அங்கிகளே என் மேசையில் நிறைய இருக்கின்றன. பிள்ளைக்குப் புது உடை போட்டு, பழையதை மடியில் விரித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.