காரை உலர்த்தும் புளோயரில் குழாய் ஏன் கழல்கிறது?

கழுவி முடித்த காரைத் துணியால் துடைப்பதற்குப் பதிலாகக் காற்றடித்து உலர்த்தும் வழக்கம் வாட்டர் வாஷ் கடைகளில் பரவி வருகிறது. துணியில் சிக்கிய ஒரு மணல் துகள்கூடப் பளபளப்பான வண்ணப்பூச்சில் வட்ட வட்டமாகக் கீறல் போட்டுவிடும். பக்கக் கண்ணாடியின் இடுக்கிலும் கதவுக் கைப்பிடியின் அடியிலும் தங்கிய நீரைத் துணி எட்டவும் எட்டாது. இந்தக் கருவியை வாங்குபவரும் விற்பவரும் மோட்டாரின் வாட் கணக்கைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஆனால் குழாயும் கருவியும் சேரும் அந்த இரண்டு அங்குல இணைப்பைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. வேலையின் நடுவே அது கழன்றால், கெட்டியான குழாய்முனை நேராகப் போய் மோதுவது இப்போதுதான் கழுவிய கதவின் மேல் என்பதால், அந்தச் சின்ன இணைப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது.

காற்றின் வேகம்தான் குழாயைத் தள்ளிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கருவி நொடிக்கு 50 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்றும், அது குறுகிய நாசில் வழியாக நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றும் கொள்வோம். அவ்வளவு வேகம் கொடுக்கக் குழாய்க்குள் சுமார் 12 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருந்தால் போதும். இது வளிமண்டல அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் இதைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். 38 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 11 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், இந்த அழுத்தம் இணைப்பைப் பிரிக்க முயலும் விசை அதிகபட்சம் 14 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோ எடைக்கும் குறைவு. நாசிலைக் கையால் முழுதாக அடைத்து அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்கு ஏறினாலும் இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. விரலால் இறுக்கிச் செருகிய முனையே இதைத் தாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் குழாயைக் கழற்றுவது யார்? பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் கைதான். நான்கு மீட்டர் நீளக் காரைச் சுற்றி நடப்பவர், பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் குழாயைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போகிறார். கருவியின் சக்கரம் அதன் சொந்த மின்கம்பியில் தட்டி நிற்கும்போது, வேலை கவனத்தில் அவர் கொடுக்கும் ஒரு சுண்டு இழுப்பு காற்றின் விசையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்க உழைப்பவர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து கருவியைத் தூக்கி வைப்பார் என்று எதிர்பார்த்து ஓர் இணைப்பை வடிவமைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. இணைப்பு அந்த இழுப்புக்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நேராக இழுப்பதைவிடப் பக்கவாட்டில் இழுப்பதே மோசமானது. குழாய்முனை கருவியின் வாய்க்குள் 25 மில்லிமீட்டர் நுழைந்திருக்கிறது, வளையாத பகுதி வெளியே 100 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிமுனையில் மூன்று கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்தால், நெம்புகோல் விதிப்படி உள்ளே செருகிய பகுதியின் ஓரங்களில் பன்னிரண்டு கிலோவும் அதற்கு மேலும் அழுத்தம் விழுகிறது. பிளாஸ்டிக் வாய் ஒரு பக்கம் விரிந்து முட்டை வடிவம் கொள்கிறது; மறுபக்கம் பிடிமானம் விட்டுப்போகிறது. சுவரில் இறுகிய ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதும் இதே வழியில்தான். முறுக்கும்போது நடப்பது இன்னும் நுட்பமானது. உராய்வு விசை, பரப்பு எந்தத் திசையில் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிராக மட்டுமே செயல்படும். முனை ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால், உராய்வு முழுவதும் அந்தச் சுழற்சியைத் தடுப்பதில் செலவாகிவிடும். நீளவாக்கில் இழுப்பதற்கு எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். இறுகிய புட்டி மூடியைத் திருகிக்கொண்டே இழுத்தால் எளிதில் வருவது இதனால்தான்.

அந்த முறுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வட்டமாகச் சுருட்டி வைத்த குழாயின் ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து நேராக்கினால், ஒவ்வொரு சுருளும் ஒரு முழு முறுக்காக மாறுகிறது. தோட்டத்துக் குழாயை அவசரமாக இழுத்தவர்கள் அது முறுக்கிக்கொண்டு மடங்குவதைக் கண்டிருப்பார்கள். புளோயரின் குழாய் அவ்வளவு எளிதில் மடங்காது; அதற்குப் பதிலாக முறுக்கைக் கொண்டுபோய் இணைப்பில் இறக்கிவிடுகிறது. குழாயின் மேல் ஓடும் திருகுவரியிலேயே முனையைத் திருகி மாட்டும் வகைகளில், ஒரு திசை முறுக்கு முனையை இறுக்கும், எதிர்த்திசை முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்க்கும். இணைப்புக்குள் தானாகச் சுழலும் ஒரு வளையம் இருந்தால் முறுக்கு சேர்வதே இல்லை. புளோயர் வாங்கும்போது நான் முதலில் தேடுவது அந்தச் சுழல் இணைப்பைத்தான்.

வெப்பமும் சேர்ந்து வேலை செய்கிறது. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றே குழாய் வழியாகவும் வெளியேறும் கருவிகளில், மோட்டார் உண்ணும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் அந்தக் காற்றில்தான் சேர்கிறது. 1,500 வாட் கருவியில் நொடிக்கு 50 லிட்டர், அதாவது 60 கிராம் காற்று ஓடினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை உயரும். சித்திரை மாத நண்பகலில் 38 பாகையில் உள்ளே நுழையும் காற்று 63 பாகையில் குழாய்க்குள் வருகிறது. கெட்டியான பிவிசிகூட 80 பாகையை நெருங்கும்போது விறைப்பை இழந்துவிடும். வளையும்படி மென்மையாக்கப்பட்ட குழாய்களோ அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடுகின்றன. விரிந்த நிலையில் நெடுநேரம் வைக்கப்பட்ட பிளாஸ்டிக், தன்னை விரித்த பொருளை இறுக்கிப் பிடிக்கும் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுகிறது. தகைவுத் தளர்வு என்று இதைச் சொல்வார்கள். காகிதக் கட்டில் ஆண்டுக்கணக்காகக் கட்டிக் கிடந்த ரப்பர் பேண்டை நினைத்துக்கொண்டால் போதும். வெப்பம் இந்தத் தளர்வை விரைவுபடுத்துகிறது. ஆறிய பிறகும் பழைய இறுக்கம் முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே வேலை முடிந்ததும் செருகுமுனையைக் கழற்றி வைப்பது பயனுள்ள பழக்கம். டயர் பாலிஷில் இருக்கும் சிலிகான் எண்ணெய் படிந்த கையால் முனையைச் செருகுவதோ, மிச்சமிருந்த உராய்வையும் அழித்துவிடும்.

வெறும் செருகல், கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு புளோயருக்குப் போதும். தரையில் உருளும் கருவிக்கு உராய்வை மட்டும் நம்பாத பூட்டு தேவை. நம் வீடுகளில் பழைய குண்டு பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்பி மாட்டுவோமே, அதே முறையில் இரு முளைகள் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும் இணைப்பு நேர் இழுப்பை நன்றாகத் தாங்கும். முளைகள் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் அவை முறிந்துபோகலாம். உலோகப் பட்டையைத் திருகால் இறுக்கும் ஹோஸ் கிளாம்ப், பிரிட்டன் கடற்படையில் இருந்த லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து பெரிதும் மாறாமல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இறுக்கத்தில் அதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது குழாயைச் சுழலவிடாது. அடியில் உள்ள பிளாஸ்டிக் தளரும்போது மறுபடி இறுக்கவும் வேண்டும். எந்த வகையானாலும், விறைப்பான முனை முடிந்து வளையும் குழாய் தொடங்கும் கோட்டில் ஒரு மென்மையான உறை இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசி சார்ஜரின் ஒயர் முதலில் கிழிவது இப்படிப்பட்ட கோட்டில்தான். குழாயும் அங்கேதான் வெடிக்கும்.

இணைப்பு தளர்வதைக் கழலும் முன்பே கண்டுபிடிக்கலாம். 38 மில்லிமீட்டர் வாயைச் சுற்றி 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே கசியும் பரப்பு சுமார் 24 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. இது நம் மாதிரிக் கணக்கில் வரும் நாசில் வாயில் கிட்டத்தட்ட 7 சதவீதம். மெல்லிய சீழ்க்கை ஒலியும், ஈரக் கையை அருகில் வைத்தால் உணரும் குளிர்ச்சியும் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் எளிய வழி, காலையில் முனையை மாட்டியதும் கருவியின் வாயிலிருந்து குழாய்முனை வரை அழியாத மையால் ஒரே நேர்க்கோடு போட்டுவிடுவது. மாலையில் அந்தக் கோடு பக்கவாட்டில் விலகியிருந்தால் முறுக்கும், நடுவில் இடைவெளி தெரிந்தால் இழுப்பும் வேலை செய்திருக்கின்றன என்று பொருள்; முதலாவதற்குச் சுழல் இணைப்பும், இரண்டாவதற்குப் பூட்டும் தேவை.