தட்டிப் பார்த்து வாங்கும் படகு

மண்பானை வாங்கப் போனால் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். டங் என்று கேட்டால் சரி. டப் என்று அமுங்கினால் எங்கோ விரிசல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர், படகைச் சோதித்துச் சொல்லக் கூட்டிவரும் சர்வேயரும் இதைத்தான் செய்கிறார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல். மேல்தளத்தில் மண்டியிட்டு, சாணுக்கு ஒரு தட்டு என்று டக், டக், டக் எனத் தட்டிக்கொண்டே நகர்வார். ஓர் இடத்தில் ஓசை மாறும். நின்று, அதைச் சுற்றித் தட்டி, மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அப்படி நாலைந்து வட்டம் விழுந்த பிறகு எழுந்து நின்று பார்த்தால் ஒன்று புரியும். அநேகமாக எல்லா வட்டத்துக்கும் நடுவில் ஒரு போல்ட் இருக்கும்.

பழைய படகைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நேர்வழி அந்த வட்டங்கள்தான். ஃபைபர் கிளாஸ் உடல் லேசில் சாவதில்லை. எங்கே துளை போட்டோமோ, எங்கே ஒரு பொருள் இன்னொன்றைத் தொடுகிறதோ, அங்கேதான் படகு சாகத் தொடங்குகிறது.

பியர்சன் டிரைட்டன் என்ற 28 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் நகரில் பியர்சன் குடும்பத்தினர் கட்டி, 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. வடிவமைத்தவர் கார்ல் ஆல்பெர்க். ஒரு குடும்பம் உள்ளே படுத்துத் தூங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் பயணம் போகக்கூடிய படகை ஃபைபர் கிளாஸில், ஆலைப் பொருள்போல வரிசையாகச் செய்து விற்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒன்று. எழுநூறுக்கும் மேல் கட்டினார்கள். அறுபது வயது தாண்டியும் அவற்றில் பல இன்னும் கடலில் இருக்கின்றன, பழைய காரின் விலைக்குக் கைமாறுகின்றன.

இவ்வளவு காலம் எப்படித் தாங்கின? ஃபைபர் கிளாஸ் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பாலியெஸ்டர் ரெசின் என்ற, பிறகு கெட்டியாகும் திரவத்தில் நனைத்து, அச்சில் அடுக்கடுக்காகப் படியவிட்டு இறுகவைப்பது. மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பார்களே, அதே யோசனை. இழுவையை இழை தாங்குகிறது, இழையை இடம் மாறாமல் ரெசின் பிடித்துக்கொள்கிறது. இதில் மரப்புழு துளைக்காது, பூஞ்சை பிடிக்காது. அந்தக் காலத்தில் புதுப் பொருளை யாரும் முழுசாக நம்பவில்லை என்பதால் உடலைத் தடிமனாகவே அடுக்கினார்கள். நம் கடற்கரைகளில் மணலேறி நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே குடும்பம்தான்.

மேல்தளத்தில்தான் சிக்கல். அதையும் அப்படியே தடிமனாகப் போட்டால் மேல்பாரம் கூடிப் படகு தள்ளாடும். மெல்லிசாகப் போட்டால் மிதிக்கும்போது அமுங்கும். ஒரு தகட்டின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகளுக்கு நடுவில் எடை குறைந்த ஏதாவது ஒன்றை வைத்துத் தடிமனைக் கூட்டினால் போதும். அந்த ஏதாவது ஒன்று, பால்சா மரம். கனமீட்டருக்கு 150 கிலோ போலத்தான் எடை. தண்ணீரோ 1,000 கிலோ. மரத்தைக் குறுக்கே அறுத்து, நார்கள் செங்குத்தாக நிற்கும்படி சின்னச் சின்னக் கட்டைகளாகப் பதிப்பார்கள். நட்டுவைத்த ஈர்க்குக் கட்டு மாதிரி, மேலிருந்து அழுத்தினால் அசையாது. அருமையான ஏற்பாடு, உள்ளே தண்ணீர் இறங்காதவரை.

ஆனால் பாய்மரப் படகின் மேல்தளம் முழுக்கத் துளைகள். கைப்பிடிக் கம்பிக்கு நான்கு, கயிறு சுற்றும் வின்ச்சுக்கு ஐந்தாறு என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு துளையிலும் பிசின் வைத்து அடைத்திருப்பார்கள். வெயிலிலும் குளிரிலும் அது இறுகி, வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கும். ஓரத்துக் கம்பியில் ஒருவர் சாய்ந்தால், இரண்டடி உயரக் கம்பி நெம்புகோலாகி அடித்தகட்டை மயிரிழை அளவு தூக்கும். அன்று பெய்த மழை அந்த இடுக்கில் இறங்கும். இறங்கிய நீருக்கு வெளியே வர வழியில்லை, மேலும் கீழும் நீர்புகாத தகடு. பால்சா ஊறும், அழுகும், தகட்டை விட்டு விலகும்.

அப்போது மூன்றும் சேர்ந்த ஒரு தடித்த பலகை என்ற நிலை போய், தனித்தனியான இரண்டு மெல்லிய தகடுகளும் நடுவில் ஈரக் கூழும் மிச்சம். சுத்தியல் கேட்பது இதைத்தான். ஒட்டியிருக்கும் பலகை விறைப்பானது, அதிர்வு வேகமானது, ஓசை கணீரென்று வரும். விலகிய தகடு தளர்வாக அதிரும், கீழே இருக்கும் கூழ் அந்த அதிர்வையும் விழுங்கிவிடும். சர்வேயர் ஈரமானியும் வைத்திருப்பார். ஆனால் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த சாயமே அந்தக் கருவியைக் குழப்பிவிடும். நல்ல சர்வேயர்கள் கருவியை நம்புவதைவிடக் காதை நம்புகிறார்கள்.

வாங்குபவர்கள் இதைவிட அதிகம் பயப்படுவது கொப்புளங்களுக்கு. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் அடியில் அம்மை போட்டதுபோல் சில சமயம் தெரியும். இது பள்ளியில் படித்த சவ்வூடு பரவல். வெளிப்பூச்சான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் வழியே நீர் மூலக்கூறுகள் மெல்ல உள்ளே போகும். சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்கள் அங்கே இருந்தால் நீரில் கரைந்து கெட்டியான கரைசலாகும். கரைசல் மேலும் நீரை இழுக்கும், உலர்திராட்சை தண்ணீரில் உப்புவதுபோல. கொப்புளத்தைக் குத்தினால் பிசுபிசுவென ஒரு திரவம் பீய்ச்சும், பல நேரம் வினிகர் வாடையோடு. பார்க்க அருவருப்பாக இருக்கும், விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணமும்கூட. ஆனால் மேலோட்டமான கொப்புளங்களால் ஒரு படகு மூழ்குவது மிக அரிது. கூரையும் தூணும் இற்றுப்போன வீட்டில் சுவர் சுண்ணாம்பு உரிவதைப் பார்த்துக் கவலைப்படுவது போன்றது இது. என் கவலையெல்லாம் உலோகத்தில்.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை பக்கவாட்டுக் கம்பி வடங்கள். அந்த வடங்கள் மாட்டியிருப்பது ‘செயின்பிளேட்’ என்ற பட்டையில். பட்டை மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, உள்ளே சுவரில் போல்ட் போட்டு நிற்கும். பெரும்பாலும் எவர்சில்வர். நம் வீட்டுத் தட்டும் டம்ளரும் துருப்பிடிப்பதில்லையே, இது மட்டும் ஏன் பிடிக்கிறது? எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. கீறினாலும் நொடியில் மீண்டும் படியும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மேல்தளத்தின் தடிமனுக்குள், பழைய பிசினுக்கும் ஊறிய பால்சாவுக்கும் நடுவே, அந்தப் பட்டைக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. இருக்கும் கொஞ்சமும் தீர்ந்தவுடன் படலம் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். உப்பின் குளோரைடு அயனிகள் அந்த இடுக்கில் சேரச் சேர நீர் அமிலமாகும். அமிலம் உலோகத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். தளத்துக்கு மேலே தெரியும் பகுதி பளபளவென்றே இருக்கும், தளத்துக்குக் கீழேயும் பளபளப்புதான். நடுவே மறைந்திருக்கும் இரண்டு அங்குலத்தில் பாதி உலோகம் காணாமல் போயிருக்கும். உள்ளே சுவரில் பழுப்பாக ஒரு கண்ணீர்க்கோடு இறங்கியிருந்தால் அதுதான் அடையாளம். கழற்றிப் பார்க்காமல் நிச்சயம் செய்ய முடியாது. கழற்ற ஒரு ஸ்பானரும் ஒரு மதியமும் போதும். நடுக்கடலில் பாய்மரம் முறிவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே கதை கீழே, கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும் நடக்கலாம். கீல் என்பது படகின் அடியில் தொங்கும் ஈய அல்லது இரும்புப் பாரம். காற்று படகைச் சாய்க்கும்போது நிமிர்த்துவது அதுதான். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. உடலும் கீலும் சேரும் இடத்தில் முன்பக்கம் ஒரு கோடு விரிந்திருந்தால் மாலுமிகள் அதைச் ‘சிரிப்பு’ என்கிறார்கள். 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபீக்கி’ என்ற படகின் கீல் அட்லாண்டிக் நடுவே கழன்று விழுந்தது. கவிழ்ந்த உடலை அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கண்டுபிடித்தது. நான்கு பேர் திரும்பி வரவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு, முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று சொன்னது. பழைய படகை விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதனால்தான் இது: எப்போதாவது தரை தட்டியதா, எவ்வளவு வேகத்தில்?

அப்புறம் துத்தநாகம். வெவ்வேறு உலோகங்களை இணைத்து உப்புநீரில் வைத்தால் அது ஒரு மின்கலம். படகைத் தள்ளும் வெண்கலச் சுழலிக்கும் துத்தநாகத்துக்கும் இடையே கடல்நீரில் முக்கால் வோல்ட் அளவு வித்தியாசம் உண்டு. எது சுலபமாக எலக்ட்ரானை விடுகிறதோ அது கரையும். அதனால் சுழலித் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டியை வேண்டுமென்றே மாட்டி, கரையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அடுத்து கரையப் போவது எது என்று மின்வேதியியலே முடிவுசெய்யும். படகின் அடியில் நீர் வழிகளை மூடித் திறக்கும் குழாய்கள் சாதாரணப் பித்தளையாக இருந்தால், அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறிச் செம்புச் சல்லடை மிஞ்சும். கத்தி முனையால் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், கைப்பிடியைத் திருப்பாதீர்கள். கையோடு வந்துவிடலாம்.

நம் கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைப்பார்கள். ஈரம் தங்க மூடிய இடமே அதில் இல்லை. டிரைட்டனை அப்படி அவிழ்க்க முடியாது. அதனால் அதை வைத்திருப்பவர்கள் வேறொன்று செய்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துளையைச் சுற்றியுள்ள பால்சாவை அரை அங்குலத்துக்குக் குடைந்தெடுத்து, காயவைத்து, அந்தக் குழியை, அழுகாமல் கெட்டியாக இறுகும் எப்பாக்ஸி பசை ஊற்றி நிரப்புகிறார்கள். இறுகியதும் அதன் நடுவில் புதுத் துளை போடுகிறார்கள். பிசின் பிறகு வறண்டு, தண்ணீர் இறங்கினாலும், அது தொடுவது எப்பாக்ஸியைத்தான். மரம் அரை அங்குலம் தள்ளி, உலர்ந்தே இருக்கும்.